கருவாற்றில் கேட்ட விசில்

அண்ணனூர்,
2.12.1991

பாஸ்கலுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை. ஒரு காரியம் இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். உன் விலாசம் அம்மாவிடம் இருந்தது. நீ போடும் கார்டுகளை என் கண்ணில் படாமல் மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கிறாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

அம்பத்தூரில் எங்களுக்கு ஒரு பறவைச் சங்கம் இருக்கிறது. ரிட்டையரான கண் டாக்டர் சண்முகசுந்தரம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு நான் அயனம்பாக்கம் ஏரிக்குப் போய்விடுவேன். சிரிக்காதே. இந்தப் பொங்கல் லீவுக்கு சங்கத்தில் பத்துப் பேர் கேரளத்து மழைக்காட்டில் கருவாறு என்ற ஆற்றுக்குப் போகிறோம். பெயரெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் அங்கே இருக்கிற முகாமின் கடிதத்தை டாக்டர் வாசித்துக் காட்டினார். கீழே ‘வழிகாட்டி: தே. பாஸ்கல்’ என்று இருந்தது. அம்மாவுக்குக் கார்டு வருகிற அதே கருவாறு என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது பின்வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். கூட வருகிற வரலட்சுமி எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். நானோ பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும், என் தம்பி கேரளாவில் வனத்துறை ரேஞ்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல வேளை, பெயர் சொல்லவில்லை.

பொய்தான். வேறு என்ன சொல்ல? மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற கார் ஷெட்டில் வேலையில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அவர் இடத்தில் பிள்ளைகளில் ஒருவருக்கு ரயில்வே வேலை என்றார்கள். எனக்கும் தகுதி இருந்தது. டீச்சர் ட்ரெய்னிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கே கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டது நான். அப்பா உயிரைக் கொடுத்து வாங்கின வேலை. அதை மூன்று வருஷம் பார்த்துவிட்டு, காக்கா குருவி காட்டப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். இதை ஸ்டாஃப் ரூமில் எந்த வாயால் சொல்லட்டும்?

ஆகவே அங்கே நீ என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நானும் காட்டிக்கொள்ள மாட்டேன். நாலு நாள்தான்.

செலின்

*

கருவாறு முகாம்,
14.12.1991

அக்கா,

உன் கடிதம் ஜீப்பில் அரிசி மூட்டையோடு வந்து சேர்ந்தது. படித்தேன், கோபம் வந்தது. மறுபடி படித்தேன், இன்னும் கோபம் வந்தது. மூன்றாவது தடவை, அயனம்பாக்கம் ஏரி என்று நீ எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து நான் அந்த ஏரிக்குப் போய்விட்டு வந்தால், “இன்னா கீது அந்த ஏரில? முத்து எட்த்துகினு வந்தியா?” என்று தெரு கேட்கக் கத்தினது நீதானே? இப்போது பைனாகுலரோடு போகிறாயாம். ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ரேஞ்சர் என்று சொல்லியிருக்கிறாய். எங்கள் ரேஞ்சர் நல்ல மனிதர். போன மாதம் அவருடைய மாமனார் இருவாச்சிப் பறவை பார்க்க வேண்டும் என்று வந்தபோது, என்னிடம்தான் அழைத்து வந்தார். எந்த அத்திமரம் எந்த வாரம் பழுக்கும், அதற்கு எந்தக் கரையிலிருந்து பறவை வரும், பரிசலை எங்கே நிறுத்தினால் வெயில் முதுகுப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். பறவையைக் காட்டுவது பெரிய வித்தையில்லை. பரிசலில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்து முடிக்கும் வரை அது பறக்காதபடி பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உனக்கு இருந்தால் அது உன் பாடு.

நீ கேட்டபடியே நடந்துகொள்கிறேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அண்ணனூர் என்பேன். வீட்டில் யார் என்றால் அம்மாவும் ஒரு அக்காவும் என்பேன். அக்கா பெயரை யாரும் கேட்க மாட்டார்கள் என்று வேண்டிக்கொள்.

இந்த முகாமுக்குத் தலைமை வழிகாட்டியாக ஒருவரை முதலாளி ஈஸ்டருக்குள் முடிவு செய்யப் போகிறார். இரண்டு பேர் இருக்கிறோம். விருந்தாளிகள் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் அவர் பார்ப்பார். நீ ஒன்றும் நல்லது சொல்ல வேண்டாம். காட்டில் மட்டும் ஒழுங்காக நட, போதும்.

பாஸ்கல்

*

அண்ணனூர்,
22.12.1991

பாஸ்கல்,

ஒழுங்காக நடப்பது எப்படி என்று நீ எனக்குச் சொல்கிறாய். காலம்.

அம்மா கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் செய்தாள். உனக்கென்று ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்துவிட்டு, “அவன் எங்க வரப் போறான்” என்று தானே சொல்லிக்கொண்டாள். நான் வரும்போது கொண்டுவருகிறேன். முகாமில் வைத்துவிடுவேன், யார் கொடுத்தது என்று கேட்காதே.

நேற்று சாயந்திரம் ஷெட் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அப்பாவுடைய விசில் மாதிரிகூட இல்லை. ஆனாலும் அம்மா சடக்கென்று எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சோற்றுப்பானை வரைக்கும் போய்விட்டாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அப்பா தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டை கடைசியில் கீழே இறங்கும். வீட்டில் இருப்பது நீயோ நானோ, பதிலுக்கு ஒரு நெட்டை, இரண்டு குட்டை. பதில் போன பிறகுதான் அம்மா தட்டில் சோறு போடுவாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், “பொம்பளப் புள்ள விசிலடிக்குது, இன்னா பழக்கம் இது” என்று கேட்டதற்கு அப்பா, “எம் பொண்ணு விசிலுதான் சுதியா கீது” என்றார். நீ அப்போது அழுதாய்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை.

செலின்

*

கருவாறு முகாம்,
3.1.1992

அக்கா,

வெள்ளைச் சேலை வேண்டாம். மல்லிகைப்பூ, பவுடர், சென்ட் வேண்டாம். சால்வை கொண்டு வா, ஆற்றில் காலையில் குளிரும். அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும் என்னிடம் இருக்கிறது. நான் கையைத் தூக்கினால் பேச்சு நிற்க வேண்டும். பெண் விருந்தாளிகளை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். உன்னையும்.

நான் அழவில்லை. கண்ணில் தூசி.

பாஸ்கல்

*

கருவாறு முகாம்,
19.1.1992

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு,

கல்கல் டப்பா கிடைத்தது. யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. பரிசல்காரர் பொம்மன் பாதியைத் தின்றுவிட்டார்.

நீங்கள் எல்லோரும் ஜீப் ஏறிப் போன பிறகு ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேடம் மேடம் என்று எழுதக் கை வலிக்கிறது. விட்டுவிடுகிறேன்.

அக்கா, முதல் நாள் மத்தியானம் அந்தத் தீக்காக்கையை நான் பார்ப்பதற்கு முன்னால் நீ பார்த்தாய். மூங்கில் இருட்டில் சிவப்பு வயிறு தெரிகிறது என்று அமைதியாகச் சொன்னாய். புதிதாக வருகிறவர்களுக்கு அது கண்ணில் படவே படாது. என் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. “நல்ல கண்ணு மேடம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலைக்கு வருகிறேன். மற்றவர்கள் முகாமில் இருக்க, அந்தப் பனிமூட்டத்தில் முதல் பரிசலில் நான் தனியாக வழி பார்த்துப் போனேன். இரண்டாவது பரிசலில் நீ, டாக்டர், வரலட்சுமி டீச்சர். ஆறு இரண்டாகப் பிரிகிற திட்டில் உங்கள் பரிசல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் கீழே பாறை. உங்கள் பரிசலில் இருந்த பொம்மன் நாற்பது வருஷம் பரிசல் போட்டவர், ஆனால் பனியில் அவருக்கும் கண் இரண்டுதான். கத்திக் கூப்பிடலாம் என்றால் என் பக்கத்துக் கரையில், பனி விலகிய இடத்தில், குட்டியோடு யானைகள் தண்ணீர் குடிக்கின்றன. மனிதக் குரல் கேட்டால் மிரண்டு ஆற்றில் இறங்கும்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டை கடைசியில் கீழே இறங்கியது.

நான் பதில் கொடுத்தேன். நீ மறுபடி கூப்பிட்டாய். நான் கொடுக்கக் கொடுக்க பொம்மன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். யானைகள் தலைகூடத் தூக்கவில்லை. இங்கே சீகாரப் பூங்குருவி என்று ஒரு பறவை இருக்கிறது, மனிதர் சும்மா விசில் அடிப்பது போலவே பாடும். அவற்றுக்கு அது பழகிப்போன சத்தம்.

ஆனால் டாக்டர் அதை டேப்பில் பிடித்துவிட்டார். பனியில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை, டாக்டர் காதில் ஹெட்போன், நீ சால்வைக்குள்ளிருந்து அடித்திருக்கிறாய், வரலட்சுமி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று கூப்பிடுகிறது, ஒன்று பதில் சொல்கிறது, இது இதுவரை யாரும் எழுதாத பறவை என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அன்று இரவு பறவைக் கணக்கு வாசிக்கும்போது, வழிகாட்டியும் கேட்டதாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். “சார், அது பறவை இல்ல” என்றேன். பின்னே என்ன என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ லாந்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? வாக்குக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தும் போடவில்லை. டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. “இந்த வழிகாட்டிக்குக் காது போதாது” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் ஜீப் ஏறினார். தலைமை வழிகாட்டி விஷயம் இனி எப்படிப் போகுமோ தெரியாது. அது போகட்டும். பனிக்குள் என்னைக் கூப்பிடத் தெரிந்தவளுக்கு வெளிச்சத்தில் கூப்பிடத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாஸ்கல்

*

அண்ணனூர்,
30.1.1992

பாஸ்கல்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கோபமாக எழுதலாம் என்றால் கோபமும் வரவில்லை.

வருகிற ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூட ஹாலில் சங்கத்தின் கூட்டம். டாக்டர் அந்த கேசட்டைப் போட்டுக் காட்டப் போகிறார். நோட்டீஸ் அடித்து அம்பத்தூர், ஆவடி எங்கும் ஒட்டியாகிவிட்டது. எங்கள் தலைமையாசிரியை தலைமை தாங்குகிறார். நோட்டீஸில் கருவாறு என்ற பெயரைப் பார்த்துவிட்டு, நானும் வருகிறேன் என்று அம்மா நிற்கிறாள். காது வலிக்கும், கூட்டமாக இருக்கும், வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். “எம் புள்ள இருக்கற எடம், நான் பாக்கக் கூடாதா?” என்கிறாள்.

எனக்குத் தூக்கமில்லை. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

செலின்

*

அண்ணனூர்,
10.2.1992

என் தம்பி பாஸ்கலுக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

ஹால் நிறைந்துவிட்டது. அம்மாவை நடுவரிசையில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் ஆற்றைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். பிறகு டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்து மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு வரலட்சுமி “முருகா” என்று சொல்வது கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அம்மா எழுந்துவிட்டாள், பாஸ்கல். அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பதில் விசிலும் கேட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரும்மா, உட்காரும்மா என்றார்கள். அவள் காதில் விழவில்லை.

டாக்டர் டேப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இந்தக் குரல் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அங்க இருந்த கைடுகிட்ட கேட்டேன். பறவையே இல்லன்னு சாதிச்சான். நல்ல பையன்தான், என்ன பண்றது, காது போதல.”

என் தம்பிக்கா காது போதவில்லை? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ பரிசலில் துடுப்பை விளிம்பின் மேல் நேராக வைத்து, “இது வழியா பாருங்க, எங்க முடியுதோ அங்க பச்சைப் புறா” என்று அந்த வயதான அம்மாளுக்குக் காட்டினாயே, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா போல்ட்டைச் சரிபார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் இல்லையா, அதே முகம். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் நீ தலையைத் தூக்கி அந்தப் பறவையைப் பார்த்தாய். ஊருக்குத் திரும்புகிற ரயில் முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பையன் எந்த வீட்டுப் பிள்ளையோ, அண்ணனூராமே என்றார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெருமையில் மூச்சு முட்டியது, வாயைத் திறந்தால் ரேஞ்சர் செத்துவிடுவான்.

நேற்று அவனைச் சாகவிட்டேன். எழுந்து நின்று விசில் அடித்தேன். தலைமையாசிரியை முன்னால், பாதிரியார் முன்னால், என்னிடம் படிக்கிற பெண்பிள்ளைகள் முன்னால். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கடைசியில் சரியாகக் கீழே இறங்கியது.

“டாக்டர், கூப்பிட்டது நான். பதில் சொன்னது அந்தக் கைடு. அவன் என் தம்பி. எங்க அப்பா ஷெட்லேர்ந்து வரும்போது அடிக்கிற விசில் அது. பறவை இல்லன்னு அவன் சொன்னது சரி. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு பாதியில நிறுத்திட்டான்” என்றேன்.

வரலட்சுமி முன்வரிசையிலிருந்து திரும்பி, “அப்போ ரேஞ்சர் தம்பி?” என்றாள். அப்படி ஒருத்தன் எங்கள் வீட்டில் இல்லை, இருப்பவன் இவன் ஒருத்தன்தான் என்றேன். எங்கே என் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்குமோ என்று பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு வாண்டுகள் கை தட்டின.

அம்மா அப்போதுதான் பேசினாள். “டாக்டரே, நீ தப்பா எதுவும் பண்ணல. அவுரு போய் எட்டு வர்சம் ஆவுது. எம் புள்ளைங்க ரெண்டும் பேசிக்காம கீதுங்களேன்னு டெய்லி மாதாகிட்ட அழுதுகினு இருந்தேன். காட்டுக்குள்ள போயி பேசிகினு கீதுங்க. நீதான் புட்ச்சி எட்த்தாந்து குட்த்த” என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்தார், அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. “முப்பது வருஷமா காட்டுக்குப் போறேன். நான் கேட்டு ஒரு கைடு கையெழுத்துப் போட மாட்டேன்னது இதான் முதல் தடவை. எனக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லி சந்தோஷப்படுத்தி அனுப்பியிருக்கலாம், அவன் செய்யல. அப்படிப்பட்ட ஆளுதான் வேணும்” என்று மைக்கிலேயே சொன்னார். உன் முதலாளிக்கு இன்று காலையில் அவர் எழுதிய கடிதத்தை நானே தபாலில் போட்டேன். கேசட்டை அம்மா வாங்கிக்கொண்டாள். டேப் ரெக்கார்டர் நம்மிடம் இல்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

நீ கேட்காமல் விட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுடைய வேலையைவிட அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து உன்னைத் திட்டுவதற்காகத்தான் அயனம்பாக்கம் ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் திட்டு கிடைக்கவில்லை.

உன் அக்கா
செலின்

*

கருவாறு முகாம்,
23.2.1992

அக்கா,

உன் கடிதத்தைப் பொம்மனுக்கு மலையாளத்தில் வாசித்துக் காட்டினேன். அவர், “அன்னைக்கே எனக்குத் தெரியும், என் பக்கத்துல சால்வை ஆடிச்சு” என்றார். ஒரு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர்.

டாக்டரின் கடிதம் முதலாளிக்கு வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் சொல்லவில்லை. நேற்று வழிகாட்டிகளின் பெயர்ப் பலகையை எடுத்து வந்து, என் பெயரை மேலே எழுதச் சொன்னார். பெயின்ட் இன்னும் காயவில்லை. தே. பாஸ்கல் என்று அப்பாவின் இனிஷியலைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

அப்பாவுடைய வேலையை விட்டதற்கு நான் வருத்தப்படவில்லை அக்கா, இப்போதும் இல்லை. அது உனக்கு வந்திருக்க வேண்டிய வேலை என்பதை மட்டும் நான் மறந்தேன் என்று நினைக்காதே. தூரத்து மரத்தில் ஒரு பறவையைக் காட்டி எல்லோரும் ஆ என்று வாயைத் திறக்கும்போதெல்லாம், இதற்கு என் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த பொங்கலுக்கு நீ வா, அம்மாவையும் கூட்டி வா. முதல் பரிசலில் உட்கார வைக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அதைக் கேட்டு யானை மிரண்டாலும் பரவாயில்லை.

அதற்கு முன்னால் ஈஸ்டருக்கு மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன். பெரிய சனிக்கிழமை சாயந்திரம் வருவேன். பஸ்ஸில் வராமல் அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி, ஷெட் பக்கமாகத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வருவேன். நீ வீட்டில் இரு. பதில் கொடுத்துவிட்டு, அம்மாவைச் சோறு போடச் சொல்.

பாஸ்கல்